பின்சீட்டில் பறந்த நைனா

டிசம்பர் 4 வந்துவிட்டால் முகநூல் முழுக்கக் கப்பல் படம்தான். கடற்படை தினம். 1971இல் அன்றிரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதை நினைத்துக் கொண்டாடுகிற நாள். என் பக்கத்துக்கு வந்து வாழ்த்துச் சொல்கிறவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். என் நைனா செத்துக் கிடந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த வீடுகளின் பிள்ளைகள். அவர்களுக்கு அந்த யுத்தத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

நைனா 1971 யுத்தத்தில் விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்தவர். பைலட் இல்லை. அதிகாரியும் இல்லை. சிப்பாய் அந்தஸ்தில் இருந்த கடற்படைக்காரர், விமானத்தில் ஏர்க்ரூமேன். அப்படி ஒரு வேலை இருந்ததே பல பேருக்குத் தெரியாது.

பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் காலனி. கொசஸ்தலை ஆற்றங்கரை. ஊரில் பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள், பாதிப் பேர் தமிழ், சண்டை வந்தால் எல்லாரும் ரெண்டும் பேசுவார்கள். நைனா 1946இல் பிறந்தபோது இது சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டம். 1953இல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூரோடு அந்தப் பக்கம் போனோம். ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் வந்து விசாரித்தார், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஏழு வருஷத்தில் மாநிலமே ரெண்டு தடவை மாறியிருக்கிறது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற புளியமரம் மட்டும் அதே இடத்தில்தான் நின்றது. ஊர்ப் பசங்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, 1964இல் சென்னைக்குப் போய் வரிசையில் நின்று கடற்படையில் சேர்ந்தார். சேர்ந்த செய்தி வந்ததும் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் எங்கள் தாத்தாவைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "கப்பல்ல கக்கூஸ் கழுவற வேலையாடா?" தாத்தா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தெரியலீங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

அந்தக் கேள்வி ஒன்றும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. இந்தியக் கடற்படையில் டோப்பாஸ் என்று ஒரு பிரிவு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்தது. கப்பலில் கூட்டுவது, கழிப்பறை கழுவுவது அவர்கள் வேலை. சீருடை உண்டு, யுத்தத்துக்குப் போவார்கள், கப்பல் மூழ்கினால் சாவார்கள், கையில் மட்டும் துடைப்பம். அந்த வேலைக்கு எந்தச் சாதியிலிருந்து ஆள் வந்திருப்பார்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1971 டிசம்பர் 9 அன்று குக்ரி கப்பல் டையூ பக்கத்துக் கடலில் மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லாவோடு சேர்த்து 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். முல்லாவின் வீரம் எல்லாருக்கும் தெரியும், தெரியத்தான் வேண்டும். இறந்தவர் பட்டியலில் டோப்பாஸ்களின் பெயரும் இருக்கிறது. யார் வீட்டுச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது?

நைனாவுக்கு டோப்பாஸ் நண்பர்கள் உண்டு. "அவுங்க இல்லன்னா கப்பலு ரெண்டு நாள்ல நாறிடும் பாப்பா. ஆனா மெஸ்ஸுல அவுங்க பக்கத்துல உக்கார ஆளு யோசிப்பான்" என்பார். யார் யார் யோசித்தார்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார்.

விசாகப்பட்டினத்தில் பயிற்சி, அப்புறம் கொச்சி. கொச்சியில் இருக்கிற ஐ.என்.எஸ். கருடாதான் கடற்படையின் முதல் விமானத்தளம், 1953இல் ஆரம்பித்தது. ரேடார் படிப்பில் நன்றாக மார்க் வாங்கியவர்களிடம் "பறக்க இஷ்டமா?" என்று கேட்டிருக்கிறார்கள். நைனா கை தூக்கினார். ஏன் தூக்கினீங்க என்று நான் கேட்டபோது வந்த பதிலில் எந்தத் தத்துவமும் இல்லை: "பறந்தா எக்ஸ்ட்ரா காசு."

அவர் பறந்தது அலிஸே என்கிற பிரெஞ்சு விமானம். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிப் பிடிப்பதற்கென்றே செய்தது. மூக்கில் ஒரே ஒரு காற்றாடி. முன்னால் பைலட், அவருக்குப் பக்கத்தில் இன்னொரு அதிகாரி. பின்னால் ஒரு சின்ன அறை மாதிரி இடத்தில் மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆள் நைனா. வயிற்றுக்கு அடியில் ரேடார் கூண்டு ஒன்று இறங்கி ஏறும். திரையில் வருகிற பச்சைப் புள்ளியைப் பார்த்து, அலையா, கட்டுமரமா, நீர்மூழ்கியின் குழாயா என்று சொல்ல வேண்டும். சோனோபாய் என்கிற ஒலி கேட்கும் மிதவைகளைக் கடலில் போட்டுவிட்டு, காதில் ஹெட்போன் வைத்துத் தண்ணீருக்குள் என்ன சத்தம் என்று கேட்க வேண்டும்.

"பிளேன்ல போனியே, மேல இருந்து கடலு எப்படி இருந்துச்சு?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "எனுக்கு எங்க கடலு தெரிஞ்சிச்சி? எனுக்குப் புள்ளிதான் தெரியும்" என்றார்.

விக்ராந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் பாதி கட்டிப் போட்டிருந்த கப்பலை 1957இல் இந்தியா வாங்கி, முடித்து, 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் படையில் சேர்த்தது. 1971இல் அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் போக முடியாது. விமானம் ஏற்றி இறக்குகிற கப்பலுக்கு வேகம் என்பது வெறும் வேகம் இல்லை. காற்றை எதிர்த்துக் கப்பல் ஓடினால்தான் தளத்தின் மேல் காற்று வரும், காற்று வந்தால்தான் விமானம் எழும்பும். தளம் சுமார் இருநூறு மீட்டர். எங்கள் காலனி முதல் தெரு நீளம்கூட இருக்காது. அதில் நீராவியால் தள்ளிவிடுகிற கேட்டபுல்ட் ஒன்று. இறங்கும்போது வாலில் இருக்கிற கொக்கி, குறுக்கே கட்டிய கம்பியில் மாட்ட வேண்டும். மாட்டவில்லையென்றால் மறுபடி எழும்ப வேண்டும். பின்சீட்டில் இருக்கிறவன் இது எதையும் பார்க்க முடியாது. திடீரென்று முதுகில் யாரோ உதைத்த மாதிரி இருந்தால் கிளம்பிவிட்டோம் என்று அர்த்தம், வயிறு முன்னால் போய் பெல்ட்டில் இடித்தால் இறங்கிவிட்டோம் என்று அர்த்தம். இது நைனா சொன்ன கணக்கு.

விரிசல் விழுந்த கப்பலை யுத்தத்துக்கு அனுப்பலாமா என்று மேலே பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. கடைசியில் கேப்டன் சுவராஜ் பிரகாஷ் தலைமையில் கிழக்குக் கடலுக்கு வந்தது. சென்னைக்கும் வந்தது. பிறகு சத்தமில்லாமல் அந்தமான் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. அதைத் தேடித்தான் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி விசாகப்பட்டினம் வரை வந்து, டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி அங்கேயே மூழ்கியது. மறுநாள் காலை விக்ராந்திலிருந்து சீ ஹாக் ஜெட்கள் காக்ஸ் பஜார் விமானத்தளத்தை அடித்தன, பிற்பகலில் சிட்டகாங்கை. ராத்திரி வேலை அலிஸேக்களுக்கு. நைனாவின் பறப்புக் குறிப்பேட்டில் டிசம்பர் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிய வரிகள் உண்டு. ராத்திரிப் பறப்பு என்றால் சிவப்பு மை. மற்றதெல்லாம் பைலட் பெயர், நேரம், அவ்வளவுதான். குண்டு விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று அதில் பத்தி கிடையாது. நைனாவும் அதைப் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, டி.வி.யில் வேறு ஏதோ நாட்டு யுத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது, "கீழ தொறமொகத்துல மூட்டை தூக்கறவன் நம்மாளுதான் இருப்பான், எந்த ஊரா இருந்தாலும்" என்றார். அம்மா சேனலை மாற்றிவிட்டார்.

அந்த டிசம்பரில்தான் அவருக்கு அம்பேத்கர் கிடைத்தார். தோழர்கள் சிரிக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அப்போது பாபாசாகேப் பெயர் பரவலாகத் தெரியாது, காலனியில் படம் கிடையாது, சிலை கிடையாது. கப்பலில் நாக்பூர்ப் பக்கத்து மகர் ஒருவர், நைனாவுக்கு மேல் பங்க். டிசம்பர் 6 அன்று தன் லாக்கர் கதவைத் திறந்து உள்ளே ஒட்டியிருந்த சின்னப் படத்துக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு வேலைக்குப் போனாராம். யுத்தம் நடந்துகொண்டிருக்கிறது, மேலே விமானம் ஏறி இறங்கும் சத்தம். "யாரு இவுரு?" என்று நைனா கேட்டிருக்கிறார். "உன்னோட அப்பா" என்றாராம் இந்தியில். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் பல ராத்திரி பேசியிருக்கிறார்கள். பாபாசாகேபின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர் என்பதும், பாபாசாகேப் பிறந்ததே மோவ் ராணுவக் குடியிருப்பில் என்பதும், மகர்களை இனி ராணுவத்தில் எடுக்கமாட்டோம் என்று வெள்ளைக்காரன் கதவைச் சாத்தியதும், 1941இல் மறுபடி மகர் ரெஜிமென்ட் வந்ததும் நைனா அந்த பங்க்கில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டது.

அதே வாரம், 1971 டிசம்பர் 5 அன்று, மும்பை தாதரில் பாபாசாகேபை எரியூட்டிய இடத்தில் சைத்யபூமி ஸ்தூபம் திறக்கப்பட்டிருக்கிறது. கப்பல் மும்பைக்குத் திரும்பிய பிறகு, அடுத்த வருஷ டிசம்பர் 6க்கு அந்த நாக்பூர்க்காரர் நைனாவைக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு ஜனம் ஒரே இடத்தில், யாரையும் கேட்காமல், சாமி என்று யாரையும் கூப்பிடாமல் நடந்து போவதை முதன்முதலாகப் பார்த்ததாகச் சொல்வார்.

அந்த யுத்தத்தின்போது பாதுகாப்பு மந்திரி யார்? ஜெகஜீவன்ராம். பீகாரில் சமார் குடும்பத்தில் பிறந்தவர். டாக்காவில் டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்தபோது மூன்று படைகளுக்கும் பொறுப்பான மந்திரி அவர்தான். 1978இல் மறுபடி பாதுகாப்பு மந்திரியாக இருந்தபோதே காசியில் சம்பூர்ணானந்த் சிலையைத் திறந்துவைத்தார். அவர் போன பிறகு அந்தச் சிலையைக் கங்கைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். ஒரு நாட்டின் ராணுவத்தைத் தொடலாம், கல்லைத் தொடக் கூடாது. இந்தச் செய்தி வந்தபோது நைனா இன்னும் படையில்தான் இருந்தார். இதைப் பற்றி மெஸ்ஸில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "யாரும் பேசல" என்றார்.

முப்படையில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு கிடையாது என்பதை வைத்து எனக்கும் அவருக்கும் பலமுறை சண்டை. வேண்டும் என்பேன் நான். நைனா ஒத்துக்கொள்ள மாட்டார். "ரேடாருக்கு சாதி தெரியாது பாப்பா." ரேடாருக்குத் தெரியாதுதான். ரேடார் முன்னால் யாரை உட்கார வைப்பது என்று முடிவு பண்ணுகிறவருக்குத் தெரியும். மூன்று சீட்டில் முன்சீட் ரெண்டும் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குப் போகும், பின்சீட் யாருக்குப் போகும் என்பது கொச்சிக்குப் போகும் முன்பே முடிவாகிவிடுகிறது. இதை நான் இப்போதும் சொல்வேன். ஆனால் அவர் வாழ்க்கையில் அவரை முழுப் பெயர் சொல்லி, என்ன தெரிகிறது என்று கேட்டு, அவர் சொன்ன பதிலை நம்பி மூன்று உயிரைத் திருப்பிய இடம் அந்தப் பின்சீட் ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவரால் முடியவில்லை. நானும் ஒரு கட்டத்துக்கு மேல் வற்புறுத்தவில்லை.

டிசம்பர் 10 அன்று மட்டும் நைனா காலையில் சாப்பிடமாட்டார். குக்ரி மூழ்கிய மறுநாள் மேற்குக் கடலில் ஓர் அலிஸே விமானத்தைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஜெட் சுட்டு வீழ்த்தியது. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் சிரோஹி, பின்சீட்டில் ஏர்க்ரூமேன் விஜயன். மூவரும் திரும்பவில்லை. வேகமாகப் பறக்கிற ஜெட்டின் முன்னால் அலிஸே ஒரு மாட்டு வண்டி. "விஜயன் கடைசி வரைக்கும் புள்ளியதான் பாத்துனு இருந்திருப்பான்" என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார்.

15 வருஷம் முடித்து 1979இல் பென்ஷனோடு ஊருக்கு வந்தார். ஊர் அவரைக் கூப்பிடுவதில் ஒரு மாற்றம் செய்துகொண்டது. அதுவரை பெயர், அதோடு ஒரு "டா". அதற்குப் பிறகு "மிலிட்டரி". பெயரைச் சொன்னால் "டா" போட வேண்டும், போட்டால் இப்போது ஒரு மாதிரியாக இருக்கும், மரியாதையும் கொடுக்கக் கூடாது. மிலிட்டரி என்பது நல்ல வசதி.

முன்னாள் படைவீரருக்கு மாதாமாதம் கேன்டீனில் ரம் உண்டு. இருட்டிய பிறகு புளியமரம் தாண்டி ஊர் ஆட்கள் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வருவார்கள். "மிலிட்டரி, இருக்குதா?" என்பார்கள். பாட்டிலை வாங்கிக்கொள்வார்கள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், வேண்டுமென்றே வைப்பார். தொடமாட்டார்கள். ரம்முக்குச் சாதி இல்லை, தண்ணீருக்கு உண்டு. ரெண்டையும் எங்கள் வீட்டுக் கைதான் கொடுத்தது. கொஞ்ச வருஷத்தில் நைனா ரம் வாங்குவதையே நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் வீட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

1992இல் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி வந்தது. ரெண்டாம் உலக யுத்த காலத்து ஓடுதளத்தைப் பெரிதாக்கி, துபோலெவ் 142 என்கிற ரஷ்ய விமானங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். நாலு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றுகிற ரெண்டு காற்றாடி. அதன் சத்தம் வித்தியாசமாக இருக்கும், பள்ளிப்பட்டு வரைக்கும் கேட்ட நாட்கள் உண்டு. நைனா கரும்புத் தோட்டத்தில் நின்றுகொண்டு தலை தூக்காமலே "துபோலெவ்" என்பார். அது நீர்மூழ்கி தேடுகிற விமானம், அவர் வேலையின் பேரப்பிள்ளை மாதிரி. 2017இல் அவை ஓய்வு பெற்றன. இப்போது போயிங் பி-8ஐ. "இது பிளேன் மாதிரியே இல்ல, பஸ்ஸு மாதிரி கீது" என்று அவருக்கு அதன் மேல் ஒரு இளக்காரம்.

விக்ராந்தை 1997இல் ஓய்வு கொடுத்து, மும்பையில் கொஞ்ச காலம் காட்சிக்கு வைத்து, 2014இல் உடைத்தார்கள். அந்த இரும்பில் ஒரு பங்கைச் சேர்த்து பஜாஜ் கம்பெனி 2016இல் 'வி' என்று ஒரு பைக் விட்டது. என் தம்பி வாங்கினான். நைனா பெட்ரோல் டேங்க்கைக் கையால் தட்டிப் பார்த்தார். "எந்த எடத்து இரும்போ. கக்கூஸ் கதவா கூட இருக்கும்" என்றார். சிரித்தார். எனக்கு டோப்பாஸ் நண்பர்கள் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கத்தில், பாதை விடாததால் நம்மவர் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்களே, அந்த வீடியோவை என் போனில் பார்த்தார். விக்ராந்தில் விமானம் ஏறி இறங்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு அலூவெட் ஹெலிகாப்டர் நிற்கும், கடலில் விழுந்தவனைக் கயிறு விட்டுத் தூக்க. "நாங்க உயிரோட இருக்கறவனத் தூக்கறதுக்குக் கவுறு கட்டுனோம்" என்றார். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15 அன்று, எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி பெரிதாகி, ஆட்சியர் வந்து, 20ஆம் தேதி அவர் ஏற்றினார். கப்பலில் தினமும் காலை 8 மணிக்குக் கொடி ஏறும், கேப்டனிலிருந்து டோப்பாஸ் வரை அந்தந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். நைனா அந்தப் பழக்கத்தை விடாதவர். அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

2021 நவம்பரில் நைனா இறந்தார். மழை. கிருஷ்ணாபுரம் அணை திறந்து கொசஸ்தலையில் வெள்ளம். எங்கள் சுடுகாடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். எப்போதும் ஆற்று மணலில் இறங்கித்தான் போவோம். மணல் இல்லை, தண்ணீர். இன்னொரு வழி ஊர்த் தெரு, அதைத் தாண்டிப் பாலம். பெட்டி மேல் மூவர்ணக் கொடி போர்த்தியிருந்தோம். முன்னாள் படைவீரர் சிலர் வெளியூரிலிருந்து வந்திருந்தார்கள், மெடல் குத்திக்கொண்டு மழையில் நின்றார்கள்.

ஊர்த் தெருவில் விடமாட்டோம் என்றார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரி ஒருவர் எங்களிடம், "தண்ணி வடியற வரைக்கும் பொறுத்துக்கங்க, ஒருநாள்தானே" என்றார். சாயந்திரம் ஊரிலிருந்து ஒரு சமாதானம் வந்தது. பறை அடிக்கக் கூடாது, மாலை பிய்த்துப் போடக் கூடாது, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போய்க்கொள்ளலாம். கொடி பரவாயில்லையாம். காலனிப் பசங்கள் கொதித்துப் போனார்கள். ஒரு பெரியவர், போவட்டும் ஒத்துக்கலாம் என்றார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம்.

"ராத்திரில வர்றவங்க இன்னா மாதிரி ஆளுன்னு எனுக்குத் தெரியும். என் ஊட்டுக்காரரு அப்பிடிப் போவமாட்டாரு" என்றார் அம்மா.

ஒரு ராத்திரி காத்திருந்தோம். மறுநாள் மத்தியானம் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியது. இக்கரை மரத்திலும் அக்கரை மரத்திலும் கயிறு கட்டினோம். கொடியை மடித்து அம்மா கையில் கொடுத்தார்கள். எட்டுப் பேர் பெட்டியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று எங்கள் பக்கத்திலும் ஒரு சட்டம் உண்டு. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், யாரும் தடுக்கவில்லை. பறை அக்கரையில் அடித்துக்கொண்டே இருந்தது, ஊருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு பாதைக்காக மனுக் கொடுத்தோம். பழைய நில அளவைப் படத்தில் காலனியிலிருந்து பாலத்துக்கு ஒரு வண்டிப்பாதை இருக்கிறது. ஊர்த் தெருவையே மிதிக்க வேண்டியதில்லை, அந்தப் பாதை கிடைத்தாலே போதும். இப்போது அது ரெண்டு பேர் கரும்புக்குள் இருக்கிறது. மனு மேல் மனு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம், அமைதிக் குழுக் கூட்டம் என்று மூன்று வருஷம் போனது. கடைசியில் சர்வேயர் வந்து செயின் பிடித்து அளந்து, அஞ்சு கல் நட்டுவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் மூன்றைப் பிடுங்கிவிட்டார்கள். போட்டோ எடுத்துப் புகாரோடு இணைத்திருக்கிறோம். மீதி ரெண்டு கல் ஆற்றுப் பக்கம் இருக்கிறது, தம்பி தினமும் காலையில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.